மட்டக்களப்பில் சைக்கிள் ஓட்டுவோருக்கென ஒரு குழு: உண்மையில் என்ன வேலை?

கல்லடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நாங்கள் ஆறு பேர். சைக்கிளில் போய்வருகிறவர்களுக்காக ஒரு குழு தொடங்க விரும்புகிறோம். வெளிநாட்டு நகரங்களில் இப்படிப்பட்ட குழுக்கள் இருக்கின்றன என்று அறிந்தோம். அவர்கள் என்னதான் செய்கிறார்கள்? மாதம் ஒரு ஊர்வலம் போனால் போதுமா? எங்கள் ஊரில் இதனால் ஏதாவது மாறுமா?" மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் கேட்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. பதவியும் பணமும் இல்லாத ஆறு பேரால் ஒரு வீதியின் அமைப்பை மாற்ற முடியுமா? முடியும். எந்த நேரத்தில் முடியும், எந்த நேரத்தில் முடியாது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வீதி வேலைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருபத்தேழு ஆண்டுகள் இருந்தேன். மட்டம் பார்ப்பது, வடிகான் அளப்பது, மதிப்பீடு தயாரிப்பது, ஒப்பந்தக்காரர் போட்ட தாரின் தடிப்பை அளந்து கையொப்பம் இடுவது என்பவை என் அன்றாட வேலை. ஓய்வு பெற்ற பின் சில ஆண்டுகளாக, பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு சிறு குழுவுடன் சேர்ந்து நீங்கள் செய்ய நினைக்கும் வேலையைச் செய்து வருகிறேன். கடிதம் வாங்கும் பக்கத்திலும் இருந்திருக்கிறேன், கடிதம் எழுதும் பக்கத்திலும் இருக்கிறேன். நான் போக்குவரத்து ஆய்வாளன் அல்லன், சட்டத்தரணியும் அல்லன். ஆகவே தார், கல், வடிகான் பற்றிச் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளுங்கள். சட்டம் பற்றிச் சொல்வதை, தேவைப்படும்போது, படித்த ஒருவரிடம் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் குழுக்கள் என்ன செய்கின்றன என்பதிலிருந்து தொடங்குகிறேன். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்தில் 1995 இல் ஒரு சைக்கிள் குழு தொடங்கப்பட்டது. அந்நகரமும் நம் ஊர் போலச் சமதரை. 2011 குடிசன மதிப்பீட்டின்போது அங்கே வேலைக்குப் போகிறவர்களில் பத்துக்கு மூன்று பேர் அளவில் சைக்கிளில் போனார்கள். அந்தக் குழு வெளியிடும் இதழைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். அதில் ஊர்வலப் படங்கள் குறைவு. பக்கம் பக்கமாக இருப்பது வேறு விஷயம்: புதிதாகக் கட்டப்போகும் வீட்டுத்தொகுதியில் சைக்கிள் நிறுத்த எத்தனை இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், இன்ன சந்தியின் திருத்த வரைபடத்தில் பாதையின் அகலம் எவ்வளவு, கட்டட அனுமதி விண்ணப்பத்துக்கு எந்தத் திகதிக்குள் கருத்து அனுப்ப வேண்டும். படித்தால் சுவையே இல்லாத விவரங்கள். ஆனால் அந்த நகரம் அப்படித்தான் சைக்கிளுக்கு இணங்கிய நகரமாக நிலைத்து நிற்கிறது. வீதி என்பது முதலில் ஒரு தாளில் பிறக்கிறது. அந்தத் தாள் மேசையில் இருக்கும் சில வாரங்களுக்குள் நீங்கள் போய்ச் சேர்ந்தால், ஒரு கோட்டை அரை மீற்றர் தள்ளிப் போடச் சொல்வது பென்சில் வேலை. கொங்கிரீட் காய்ந்த பிறகு அதையே கேட்டால், உடைப்பதற்கு மதிப்பீடு, அதற்கு நிதி, அதற்கு அடுத்த ஆண்டு. நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த காலத்தில் வந்த முறைப்பாடுகளில் பெரும்பாலானவை நியாயமானவை. கொங்கிரீட் காய்ந்த பிறகு வந்ததுதான் அவற்றின் குறை.

நெதர்லாந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த நாடு எப்போதும் சைக்கிள் நாடாகவே இருந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே கார்கள் பெருகின, நகரங்களில் வீதிகள் கார்களுக்காகவே அகட்டப்பட்டன. 1971 இல் மட்டும் ஏறத்தாழ 3,300 பேர் வீதியில் இறந்தார்கள், அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். அடுத்த ஆண்டிலேயே 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று பொருள்படும் பெயரில் பெற்றோர் ஓர் இயக்கம் தொடங்கினர். 1973 இறுதியில் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று அரசாங்கமே அறிவித்தது. 1975 இல் சைக்கிள் ஓட்டுவோர் சங்கமும் உருவாயிற்று. இந்த வரிசையைக் கவனியுங்கள். நெருக்கடி வந்தபோது கோரிக்கை ஏற்கனவே வீதிக்கு வந்திருந்தது.

நமக்கு 2022 இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். எரிபொருள் நிலையங்களுக்கு முன்னால் நாள்கணக்கில் வரிசை. ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர். வீட்டுக் கோடியில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களெல்லாம் வெளியே வந்தன. ரயர், ரியூப், பிறேக் கட்டைக்குக்கூடத் தட்டுப்பாடு. பாடசாலை அதிபர்களும் வங்கி முகாமையாளர்களும் சைக்கிளில் வந்த மாதங்கள் அவை. வீதியில் பாதிப் பேர் சைக்கிளில் வந்த அந்த நேரத்தில், "இந்தச் சந்தியில் இதைச் செய்யுங்கள், இந்தப் பாலத்தில் இதைச் செய்யுங்கள்" என்று கையில் தாளோடு போய் நிற்க இந்த ஊரில் ஒருவரும் இருக்கவில்லை. நானும் இருக்கவில்லை. பெற்றோல் திரும்பி வந்ததும் சைக்கிள்கள் கோடிக்குத் திரும்பின. அந்த ஆண்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் மனம் நோகிறது. உங்கள் குழுவுக்கு ஒரு காரணம் வேண்டுமென்றால் எனக்கு இது ஒன்றே போதும்: அடுத்த முறை ஒரு வாய்ப்பு வரும்போது, தாள் தயாராக இருக்க வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஓடும் ஒடுங்கிய நிலத்தில் நம் ஊர்கள் வரிசையாக அமைந்திருக்கின்றன. கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி என்று தெற்கே கல்முனையையும் தாண்டிப் போகும் ஏ-4 வீதிதான் இந்த நிலத்தின் முதுகெலும்பு. கொழும்பு, பொத்துவில் போகும் தூர பஸ்ஸும் அதிலேதான், நெல் மூட்டை ஏற்றிய லொறியும் அதிலேதான், ரியூசனுக்குப் போகும் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் அதிலேதான். கிழக்கே கடற்கரைப் பக்கமாகவும் மேற்கே வாவிப் பக்கமாகவும் உள்வீதிகள் இருக்கின்றன. ஆனால் பல இடங்களில் அவை தொடர்ச்சியாக இல்லை. ஓரிடத்தில் தோனா என்ற நீரோடை குறுக்கிடும், ஓரிடத்தில் மதில் வந்துவிடும், பிள்ளை மறுபடி பெரிய வீதிக்கே ஏறவேண்டி வரும். பாலங்களும் இதே போலத்தான். நகரின் மையமான புளியந்தீவுக்குள் போகவும் வெளியே வரவும் எல்லோரும் பாலங்களில்தான் நெருக்கியடிக்க வேண்டும். கல்லடியில் புதிய பாலம் 2013 இல் திறக்கப்படும் வரைக்கும், ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனங்கள் மட்டுமே போகக்கூடிய பழைய இரும்புப் பாலத்தில் காத்து நின்றதை உங்கள் பெற்றோரைக் கேட்டால் சொல்வார்கள். ஆகவே இங்கே ஒரு குழு முதலில் வரைய வேண்டிய வரைபடம் மிக எளிமையானது: எந்த உள்வீதி எங்கே அறுந்து போகிறது, எந்த இருபது முப்பது மீற்றரைத் திறந்துவிட்டால் பிள்ளைகள் பெரிய வீதிக்கு ஏறாமலே பாடசாலைக்குப் போகலாம். புதிதாக ஒரு சைக்கிள் பாதை கேட்பதைவிட இது மலிவு, விரைவு. நான் வேலையில் இருந்த காலத்தில் இப்படி ஒருவர் படம் வரைந்து கொண்டுவந்திருந்தால் மகிழ்ந்திருப்பேன்.

அடுத்தது எண்ணிப் பார்ப்பது. ஒரு சந்தியைத் தெரிவு செய்யுங்கள். பாடசாலை நாள் ஒன்றில் காலை 6.30 முதல் 7.45 வரை இருவர் நிற்க வேண்டும், ஒருவர் எண்ண மற்றவர் எழுத வேண்டும். வெறும் எண்ணிக்கை போதாது. யார் போகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் நின்ற ஒரு காலையில் முதலில் வந்தவர் பின் கரியரில் மீன் பெட்டி கட்டிய வியாபாரி. பெட்டியின் பாரத்தால் முன்சக்கரம் இலேசாக ஆடியது, அதனால் அவர் நேர்கோட்டில் போக முடியவில்லை. பிறகு மேசன் வேலைக்குப் போகும் இருவர், காண்டிலில் சாப்பாட்டுப் பை, பாரில் மட்டப் பலகை. பிறகு வெள்ளைச் சீருடையில் ஒரு பெண்பிள்ளை, பின்னால் தம்பி. தம்பியின் சப்பாத்துக் கால்கள் கம்பிக்குள் போகாமலிருக்க அவன் அவற்றை அகட்டி நீட்டிக்கொண்டு இருந்தான், அந்த அகலத்தையும் சேர்த்தால் அவர்களுக்கு ஒரு முச்சக்கர வண்டியின் பாதி இடம் தேவைப்பட்டது. சேலை கட்டிய ஆசிரியை ஒருவர் சந்திக்குப் பத்தடி முன்பே இறங்கி, தள்ளிக்கொண்டு கடந்து, அப்பால் மறுபடி ஏறினார். தினமும் அப்படித்தான் செய்கிறார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அந்த ஆசிரியை இறங்கிய இடம்தான் உங்கள் கடிதத்தின் முதல் வரி. ஒரு சந்தி எங்கே பிழையாக அமைந்திருக்கிறது என்பதைக் காட்ட, மக்கள் இறங்கித் தள்ளும் இடத்தைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், சைக்கிள் குழு என்றதும் தலைக்கவசமும் விலையுயர்ந்த பந்தயச் சைக்கிளும் வைத்திருக்கும் இளைஞர்கள் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்களும் வேண்டும், அவர்களிடம் உற்சாகம் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் சைக்கிளில் போகிறவர்களில் பெரும்பாலோர் வேறு வழியில்லாமல் போகிறவர்கள். அவர்கள் கூட்டத்துக்கு வரமாட்டார்கள், அந்த நேரத்தில் வேலையில் இருப்பார்கள். நீங்கள்தான் அவர்களிடம் போக வேண்டும். போவதற்கு மிகப் பொருத்தமான இடம் சைக்கிள் திருத்தும் கடை. ரிம் எங்கே நெளிகிறது, எந்த வீதியில் ரியூப் அடிக்கடி வெடிக்கிறது, எந்தப் பள்ளத்தில் விழுந்து, முன்சக்கரத்தைத் தாங்கும் முள் வளைந்த சைக்கிள்கள் வருகின்றன என்பதெல்லாம் அந்தக் கடைக்காரருக்குத் தெரியும்.

ஒரு சிறு உதாரணம். நகருக்குள் ஒரு பாடசாலை வாசலில் வடிகான் மூடிய கொங்கிரீட் பலகைகள். பலகைகள் வீதி போகும் திசைக்கு நெடுக்காகப் போடப்பட்டிருந்தன, இரண்டு பலகைக்கு நடுவே ஒரு நீண்ட இடைவெளி. பிள்ளைகள் வாசலில் ஒதுங்கும்போது முன்சக்கரம் அதற்குள் இறங்கிவிடும். இரண்டு பிள்ளைகள் விழுந்து ஒருவருக்குக் கை முறிந்த பிறகும், முறைப்பாடு சொல்லச் சொல்ல, பொறுப்பான அலுவலகம் "பார்க்கிறோம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் ஓர் அடிமட்டம் கொண்டுபோய் இடைவெளியை அளந்தோம்: நான்கு சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகம். நம் ஊரில் ஓடும் 28 அங்குலச் சைக்கிளின் ரயர் ஒன்றரை அங்குல அகலம், அதாவது 3.8 சென்ரிமீற்றர். அடிமட்டம் வைத்த படம் ஒன்று, ரயரைப் பக்கத்தில் வைத்த படம் ஒன்று, பலகையைக் குறுக்காகத் திருப்பிப் போட்டால் போதும், புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை என்ற ஒரு வரி. இவ்வளவையும் ஒரு பக்கக் கடிதத்தில் வைத்து, அதிபரின் கையொப்பத்தோடு கொடுத்தோம். மூன்று வாரத்தில் பலகைகள் திரும்பின. அந்த வேலைக்கு ஒரு காலைப் பொழுது போயிற்று. இரண்டு ஆண்டுகள் வாயால் சொல்லியும் நடக்காதது ஏன் தாளில் நடந்தது என்று நண்பர்கள் கேட்டார்கள். அளவு இல்லாத முறைப்பாட்டை ஓர் உத்தியோகத்தரால் மேலே அனுப்ப முடியாது. அளவும் தீர்வும் இருந்தால், அதை அப்படியே தன் குறிப்பில் எழுதிக் கையொப்பத்துக்கு வைக்கலாம். அவருடைய வேலையை இலகுவாக்கிக் கொடுத்தோம். நானே அந்த நாற்காலியில் இருந்தவன் என்பதால் இது எனக்குத் தெரியும்.

கடிதத்தை யாருக்கு எழுதுவது என்பதில்தான் பல குழுக்கள் களைத்துப் போகின்றன. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு உரியவை. சி, டி தர வீதிகள் மாகாணத்தின் வீதித் திணைக்களத்துக்கு உரியவை. மற்ற உள்வீதிகள் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளுக்கு உரியவை. ஒரே சந்தியில் இந்த மூன்றும் சந்திக்கலாம். தெருவிளக்கு வேறு கணக்கு, போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது பொலிஸ். எனவே எழுத முதல் வீதியின் தரத்தைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். பிரதேச செயலகத்தில் சொல்வார்கள். ஒரு பிரதியை மற்ற இரண்டு அலுவலகங்களுக்கும் அனுப்புங்கள், அப்போது ஒருவர் மற்றவரைக் காட்ட முடியாது. தமிழிலேயே எழுதுங்கள். தமிழ் அரசகரும மொழி, தமிழில் பதில் பெற உங்களுக்கு உரிமை இருக்கிறது. வீதி திருத்தப்படப் போகிறது என்று கேள்விப்பட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வரைபடத்தையும் மதிப்பீட்டையும் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு இருக்கிறது, அதற்கு மேல் ஆணைக்குழு இருக்கிறது. ஆனால் சட்டத்தை முதல் கடிதத்திலேயே நீட்டாதீர்கள். முதலில் நேரே போய்க் கேளுங்கள், பெரும்பாலும் காட்டுவார்கள். உள்ளூராட்சி மன்றங்களின் பாதீடு ஆண்டு இறுதியில் தயாராகிறது. எனவே சிறிய கோரிக்கைகளை ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே கொடுத்துவிட வேண்டும். டிசம்பரில் கொடுத்தால் அடுத்த ஆண்டும் கைநழுவும்.

என்ன கேட்பது என்பதில் எனக்கு உறுதியாகத் தெரிந்ததையும் தயக்கம் உள்ளதையும் பிரித்துச் சொல்கிறேன். வேகம் பற்றிச் சந்தேகமே இல்லை. மோதலின் சக்தி வேகம் கூடும் அளவுக்கு மட்டும் கூடுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. மணிக்கு 40 கிலோமீற்றரில் வந்த வாகனம் 50 இல் வந்தால் அதன் இயக்க சக்தி ஒன்றரை மடங்குக்கும் மேல். 60 இல் வந்தால் இரண்டேகால் மடங்கு. ஆகவே பாடசாலை அருகே வேகத்தைக் குறைக்கும் எந்த அமைப்பும் வீண்போகாது. வீதி விளிம்பு பற்றியும் சந்தேகம் இல்லை. காப்பட் வீதி ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும் ஒரு படை உயர்கிறது. ஓரத்து கிரவல் கார்த்திகை, மார்கழி மழையில் கரைந்து இறங்குகிறது. விளிம்பில் மூன்று நான்கு அங்குல படி உண்டாகிவிடுகிறது. பின்னால் ஹோர்ன் அடித்த பஸ்ஸுக்காக ஓரத்தில் இறங்கிய சைக்கிள்காரர் மறுபடி ஏறும்போது, சக்கரம் அந்தப் படியில் உராய்ந்து ஏறாமல் வழுக்கும். அவர் விழுவது வலப்பக்கம், அதாவது வாகனங்கள் வரும் பக்கம். இப்படி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஓர நிரப்பு வேலை மதிப்பீட்டில் ஒரு சிறு வரிதான். நிதி குறையும்போது முதலில் வெட்டப்படுவதும் அந்த வரிதான். உங்கள் குழு மாவட்டம் முழுவதற்கும் ஒரே ஒரு கோரிக்கை வைக்க முடியுமென்றால், அந்த வரியை வெட்டாதீர்கள் என்று கேளுங்கள், விளிம்பைச் சரிவாக முடிக்கச் சொல்லுங்கள்.

வீதியின் அகலமும் உறுதியான விஷயங்களில் ஒன்று, ஆனால் நாம் நினைப்பதற்கு எதிராகப் போகும். ஒரு திசைக்கான தடம் 3.2 மீற்றருக்கும் 3.9 மீற்றருக்கும் இடைப்பட்டிருந்தால் சைக்கிளுக்கு மிக ஆபத்து. அதைவிட ஒடுக்கமாக இருந்தால் பின்னால் வருபவர் முந்த முடியாது என்று பொறுப்பார். அதைவிட அகலமாக இருந்தால் இடம் விட்டு முந்துவார். நடுவே இருக்கும் அந்த அளவில்தான் "போய்விடலாம்" என்று நினைத்து உரசிக்கொண்டு போவார். வீதியின் நடுவே மேடை அமைத்த இடங்களில் இது இன்னும் இறுக்கமாகிவிடும், வலப்புறம் விலக வழியே இல்லை. காத்தான்குடிப் பிரதான வீதியில் நடுமேடைப் பேரீச்ச மரங்கள் ஊருக்கே அழகு, அவற்றை எடுக்கச் சொல்லும் பேச்சு வேண்டாம். ஆனால் அப்படிப்பட்ட வீதியில் ஓரத்து வாகனத் தரிப்பை எங்கே அனுமதிப்பது என்பதைப் பற்றிப் பேசத்தான் வேண்டும்.

தயக்கம் உள்ளவை எவை என்றால், முதலாவது வெறும் பெயின்ற் கோடு போட்ட சைக்கிள் தடம். மேடையாலோ கம்பத்தாலோ பிரித்த பாதை, சந்திகளைச் சரியாக அமைத்தால், பாதுகாப்பைக் கூட்டுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. வெறும் கோட்டுக்கு ஆதாரம் கலவையாக இருக்கிறது. கோடு இருக்கிறதே என்று வாகனங்கள் இன்னும் நெருங்கிப் போவதாகவும் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. நம் ஊரில் அந்தத் தடம் ஒரு வாரத்தில் முச்சக்கர வண்டித் தரிப்பிடமாகிவிடும் என்பது என் அச்சம். இரண்டாவது தலைக்கவசம். விழுந்தால் தலையைக் காக்கும், அதில் கேள்வி இல்லை. ஆனால் சட்டத்தால் கட்டாயமாக்கினால் ஏழைகள் சைக்கிளையே விட்டுவிடுவார்களோ என்பது உலகம் முழுவதும் முடியாத விவாதம். என் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மற்றவர்கள் மேல் திணிக்கச் சொல்லிக் குழு கேட்பதை நான் விரும்பவில்லை. மூன்றாவது, சைக்கிள்காரர் பெருகினால் ஒவ்வொருவருக்கும் ஆபத்து குறையும் என்ற கருத்து. பல நாடுகளின் தரவில் இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பது உண்மை. கூட்டம் பெருகியதால் ஆபத்து குறைந்ததா, ஆபத்து குறைந்ததால் கூட்டம் பெருகியதா என்பது தெளிவில்லை. அதனால் பாதையைச் சரிசெய்யாமல் "எல்லோரும் சைக்கிளில் வாருங்கள்" என்று பிள்ளைகளை அழைக்க எனக்கு மனம் வராது.

நிறுத்துமிடத்தையும் நிழலையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் செய்த ஒரு தவறு இதில்தான். ஒரு சந்தைக்கு அருகே நன்கொடை வாங்கிச் சைக்கிள் தாங்கி வைத்தோம், முன்சக்கரத்தை மட்டும் செருகும் வகை. எவரும் பயன்படுத்தவில்லை. காரணம், மூட்டை ஏற்றிய சைக்கிள் சரிந்தால் ரிம் நெளிந்துவிடும், பூட்டவும் முடியாது. வைப்பதற்கு முன் மரக்கறி கொண்டுவரும் ஒருவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நாங்கள் கேட்கவில்லை. கவிழ்த்த 'ப' வடிவில் வளைத்த இரும்புக் குழாய்தான் சரி. உயரம் 75 சென்ரிமீற்றர், ஒன்றுக்கொன்று ஒரு மீற்றர் இடைவெளி, ஒரு குழாய்க்கு இரண்டு சைக்கிள், சட்டத்தோடு சேர்த்துப் பூட்டலாம். எந்த ஒட்டுப்பட்டறையிலும் வளைத்துத் தருவார்கள். நிழலைப் பொறுத்தவரை, நம் பெரிய வீதி ஏறத்தாழ வடக்குத் தெற்காக ஓடுவதால், பாடசாலை விட்டுப் பிள்ளைகள் வரும் பிற்பகலில் வீதிக்கு நிழல் தருவது மேற்குப் பக்க மரம். அகட்டும்போது அந்தப் பக்க மரங்களைக் காக்கவும், இல்லாத இடத்தில் வேம்பு, வாகை நடவும் கேளுங்கள். வெயில்தான் நம் பிள்ளைகளை ஸ்கூட்டருக்குத் தள்ளுகிறது, அச்சத்துக்கு அடுத்தபடியாக.

எதிர்ப்பு வரும். கடைக்காரர்கள் வாசலில் வாகனம் நிற்காவிட்டால் வியாபாரம் போய்விடும் என்பார்கள். வாகனத்தில் வரும் வாடிக்கையாளரை உள்ளதைவிடக் கூடுதலாகக் கடைக்காரர்கள் கணிப்பது வேறு நகரங்களில் அறியப்பட்ட விஷயம். நம் ஊரில் அப்படியா என்று அவரோடு சேர்ந்து ஒரு சனிக்கிழமை அவர் கடை வாசலிலேயே எண்ணிப் பாருங்கள். அவர் சொன்னதே சரியாக இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். முச்சக்கர வண்டிச் சாரதிகளை எதிரியாக்காதீர்கள். அவர்களும் காலை முதல் இரவு வரை அதே வீதியில் உயிரைக் கையில் பிடித்து ஓடுகிறவர்கள், அவர்களுடைய பிள்ளைகளும் சைக்கிளில்தான் பாடசாலைக்குப் போகிறார்கள். இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீதி ஊர் எல்லையில் நிற்பதில்லை. நாவற்குடாவில் ஏறிய பிள்ளை காத்தான்குடியைக் கடந்து ஆரையம்பதிக்குப் போகிறது, அங்கிருந்து வருகிறவரும் அப்படியே. உங்கள் ஆறு பேரும் ஒரே ஊர், ஒரே சமூகம் என்றால், ஏழாவது, எட்டாவது ஆளைப் பக்கத்து ஊரிலிருந்து இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். குழு வளர்ந்த பிறகு சேர்ப்பது விருந்தினரை அழைப்பது போலாகிவிடும். ஒரு பெண்ணாவது அந்த இருவரில் இருக்க வேண்டும். பெண்கள் எந்த வீதியை இருட்டிய பிறகு தவிர்க்கிறார்கள் என்று ஆண்களுக்குத் தெரிவதில்லை.

ஊர்வலத்தைக் கேட்டீர்கள். நடத்துங்கள், ஆண்டுக்கு ஒன்று போதும். ஜூன் 3 உலக சைக்கிள் நாள், அன்று பத்திரிகையும் வரும். ஆனால் ஊர்வலம் போகும் நாளில் மேயரிடமோ பொறியியலாளரிடமோ கொடுக்க ஒரு பக்கத் தாள் ஒன்று கையில் இருக்க வேண்டும், அதில் மூன்று இடங்கள், மூன்று அளவுகள், மூன்று படங்கள். அது இல்லாமல் எங்கள் முதல் ஊர்வலம் முடிந்தது. ரீசேட்டும் படங்களும்தான் மிஞ்சின, மறுநாள் அதே பள்ளத்தில் அதே மீன்காரர் இறங்கித் தள்ளினார்.

எவ்வளவு காலம் எடுக்கும் என்றால், வடிகான் பலகை போன்றவை வாரங்களில் நடக்கும். அறுந்த உள்வீதியைத் திறப்பதற்கு ஓரிரு ஆண்டுகள், காணிப் பிரச்சினை இருந்தால் இன்னும் கூடும். பெரிய வீதியில் பிரித்த பாதை என்பது அடுத்த பெரிய நிதித் திட்டம் வரும்போதுதான், அது எப்போது என்று என்னால் சொல்ல முடியாது. அதுவரை அதற்கான வரைபடத்தை வரைந்து, ஆண்டுக்கு ஒருமுறை திருத்தி வைத்திருங்கள்.

இந்த மாதத்துக்கு ஒரு வேலை மட்டும்: உங்களில் எவருடைய தம்பியோ தங்கையோ சைக்கிளில் போகும் ஒரு பாடசாலையைத் தெரிவு செய்து, வீட்டிலிருந்து வாசல் வரை அந்தப் பிள்ளையின் பின்னாலேயே சைக்கிளில் ஓடிப் பாருங்கள். எங்கே இறங்குகிறது, எங்கே பின்னால் திரும்பிப் பார்க்கிறது, எங்கே எதிர்ப்பக்கம் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த வீதியின் தரத்தை விசாரித்து, குறிப்போடு சேர்த்து இங்கே எழுதுங்கள். முதல் கடிதத்தை எப்படி அமைப்பது என்று வரி வரியாகச் சொல்கிறேன்.